கறிமீன் நீங்கலாக

1991ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஐந்தாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். வாடைக்காற்று ஓய்ந்து இரண்டு நாளாகியிருந்தது. பனி இறங்கி, கரையில் நின்ற வள்ளங்கள் எல்லாம் நனைந்திருந்தன. பருத்தித்துறைக் கடல் அசையாமல் கிடந்தது. முந்நூற்றுப் பத்து ரூபாய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்று வந்தது, சத்தம் வரவில்லை.

நான் செய்துவந்த வேலையைச் சொன்னால்தான் இது எவ்வளவு பெரிய நட்டம் என்று விளங்கும். நான் எஸ்.எஸ்.சி. சித்தியடைந்தவன். எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் எழுதுவினைஞனாகச் சேர்ந்து, பிறகு கரையில் மீன் கூறுகிறவன் ஆனேன். கூறுவது என்றால் ஏலம் விடுவது. வள்ளம் வந்து மீனைக் கொட்டியதும் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்று விலை கேட்பேன். முப்பத்தொரு வருடம் இந்த வேலை செய்தேன். ஒலிபெருக்கி ஒருநாளும் இருந்ததில்லை. கடல் இரைச்சலுக்கு மேலால் கடைசி வியாபாரிக்கும் கேட்கவேண்டும்.

கூறுவதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. கொட்டிய மீனிலிருந்து முதலில் கறிமீன் எடுப்பார்கள். வள்ளம் இழுக்கக் கை கொடுத்தவன், புருசனைக் கடலில் இழந்தவள், வீட்டில் நோயாளி உள்ளவன், எல்லோருக்கும் ஒரு கறிக்குப் போதுமான மீன். அதை யாரும் நிறுப்பதில்லை, எண்ணுவதில்லை, நானும் எழுதுவதில்லை. மிச்சத்துக்குத்தான் விலை. அதனால் ஒவ்வோர் ஏலத்தையும் "கறிமீன் நீங்கலாக" என்றுதான் தொடங்குவேன். எதையும் எண்ணாமல் விட முடியாத எனக்கு இந்த வழக்கம் முப்பத்தொரு வருடமும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் கரை வழக்கத்தை எழுதுவினைஞன் மாற்ற முடியாது.

அன்று காலை பதினான்கு வியாபாரிகள் நின்றார்கள். பதினான்கு பேரும் சிரித்தார்கள். எங்கள் வேலிக்கு அடுத்த வளவில் இருக்கும் றெஜினாவும் கறிமீனுக்கு ஓலைப்பெட்டியோடு நின்றாள். கிழிந்த வலை பொத்திப் பிழைக்கிறவள், முப்பத்துநான்கு வயதில் விதவை. அவள் எல்லோருக்கும் கேட்கக்கூடியதாகச் சொன்னாள்:

"என்ன ஏலக்காரர், விலையைக் கேட்டு உங்களுக்கே தொண்டை அடைச்சுப் போச்சோ?"

அவளுடைய வாய் அப்படி. என் மனைவியின் தமையன் மகன் அன்ரன் மிச்ச மீனைக் கூறி முடித்தான். அவனுக்கு நல்ல குரல் என்று அன்றைக்கே இரண்டு பேர் என் காதுபடச் சொன்னார்கள்.

ஒரு கிழமையில் சரிவரும் என்று இருந்தேன். மல்லித் தண்ணீர், இஞ்சிச் சாறு, கற்பூரவள்ளி, பனங்கற்கண்டு என்று எனக்குச் சொல்லப்பட்ட கைமருந்துகள் பத்தொன்பது. அவற்றில் எட்டைச் செய்து பார்த்தேன். குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. விழுங்கும்போது தொண்டைக்குள் யாரோ உட்கார்ந்திருப்பது போலவும், அவரைத் தாண்டிச் சோறு இறங்குவது போலவும் இருந்தது.

பெயரைச் சொல்ல விரும்பாத ஒரு தனியார் வைத்தியரிடம் போனேன். நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்து, இரண்டு சுவாசப்பைக்கும் நடுவில் நெறி கட்டியிருக்கிறது, இது கசம், அதாவது காசநோய், என்றார். சளியை மூன்று தரம் சோதித்தார்கள், மூன்று தரமும் கிருமி இல்லை. கையில் ஊசி குத்தி மூன்று நாள் கழித்துப் பார்க்கிற சோதனையிலும் தடிப்பு வரவில்லை. இதையெல்லாம் நான் தாளில் எழுதிக் கேட்டபோது, இல்லாவிட்டாலும் இருக்கலாம் என்றார். படித்த மனிதர் ஒருவர் இப்படி ஒரு வசனம் சொல்லி அதற்குக் காசும் வாங்கலாம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அறுபது ஊசி போட்டார். குரல் வரவில்லை, காதுக்குள் ஓர் இரைச்சல் வந்தது. அது இன்றைக்கும் இருக்கிறது.

கசம் என்ற சொல் வைத்தியரின் வாசலைத் தாண்டமுன் கரைக்கு வந்துவிட்டது. தேநீர்க் கடைக்காரர் எனக்கென்று ஒரு கிளாஸை எடுத்து ஆணியில் மாட்டி வைத்தார். கோயிலில் நான் இருக்கும் நீள மர வாங்கில் ஐந்து பேர் இருப்பார்கள், அது இரண்டு பேராகியது. அந்த இரண்டு பேர் நானும் என் மனைவி திரேசம்மாவும். அவள் வீட்டில் என் கோப்பையைப் பிரித்து வைக்க மறுத்துவிட்டாள். தான் குடித்த கோப்பையிலேயே எனக்கும் ஊற்றினாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற எங்கள் மகள் ஜெசிந்தா சண்டை பிடித்துப் பார்த்தாள். "எனக்கு வந்தால் வரட்டுமன்" என்று திரேசம்மா சொன்னதோடு அந்தக் கதை முடிந்தது. அவள் எதையும் தனக்கென்று பிரித்து வைக்கத் தெரியாதவள் என்று அப்போது அதை ஒரு நற்குணமாக எண்ணினேன்.

சங்கத்தில் ஒரு தீர்மானம் எடுத்தார்கள். அடுத்த வருட உயிர்த்த ஞாயிறு வரை என் இடம் எனக்கு இருக்கும். அதற்குள் குரல் வந்தால் நான், வராவிட்டால் அன்ரன். எனக்கு ஓய்வூதியம் கிடையாது. ஒரு ரூபாய்க்கு இரண்டு சதம் கூறுகூலியிலும் ஜெசிந்தாவின் சம்பளத்திலும்தான் மூன்று பேர் சாப்பிட்டோம்.

ஓகஸ்ட் மாதம் ஜெசிந்தா என்னை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மண்ணெண்ணெயில் ஓடும் பஸ்ஸில் இருபத்தொரு மைல், இரண்டே முக்கால் மணித்தியாலம். வல்லை வெளியில் அது ஒருதரம் நின்றது. நீர்வேலியில் நின்றபோது ஜெசிந்தா ஜன்னலால் ஒரு சீப்புக் கதலிப்பழம் வாங்கினாள். எனக்கு இறங்கியது அந்தப் பழம் மட்டுந்தான்.

தொண்டை கிளினிக் வாங்கில் எனக்குப் பதினேழாம் இலக்கம். பதினோராம் ஆள் உள்ளே போயிருந்தபோது விமானச் சத்தம் கேட்டது. எல்லோரும் படிக்கட்டுக்குக் கீழே ஓடினோம். திரும்பி வந்தபோது வரிசை குலைந்து நான் இருபத்தாறாம் ஆளாக இருந்தேன். இலக்கத் துண்டைக் காட்டினேன். எனக்கு முன்னால் நின்றவர், குண்டு போட்டபிறகு பழைய இலக்கம் செல்லாது என்றார். எதிர்த்து வாதாட என்னிடம் குரல் இல்லை.

உள்ளே இருந்த டொக்டர் இளம் ஆள். என் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, கோல் முனையில் இருந்த சிறிய கண்ணாடியை ஸ்பிரிற் விளக்கில் சூடுகாட்டி, தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"கசம் எண்டு ஆர் ஐயா சொன்னது?"

ஜெசிந்தா சொன்னாள். அவர் மறுபடி கண்ணாடியைச் சூடுகாட்டினார்.

ஒரு துண்டுச் சதை எடுத்துச் சோதிக்கவேண்டும் என்றார். மயக்கமருந்து கொடுத்துச் செய்யவேண்டியது. ஜெனரேற்றருக்கு எண்ணெய் இருக்கும் நாளாகப் பார்க்கவேண்டும். இரண்டு தரம் வெறும் வயிற்றோடு போய் இரண்டு தரமும் திரும்பி வந்தேன். மூன்றாம் தரம் எடுத்தார்கள். மறுமொழி வர நவம்பர் மாதமாகிவிட்டது.

நோயின் பெயர் சார்க்கொயிடோசிஸ். ஜெசிந்தா அதை ஒரு துண்டில் எழுதித் தந்தாள். டொக்டர் விளங்கப்படுத்தியது இது: உடம்புக்குள் காவலுக்கென்று அணுக்கள் இருக்கின்றன. அவை சில பேருக்கு, எதிரியே இல்லாத இடத்தில் எதிரி வந்துவிட்டான் என்று எண்ணிக் கூட்டமாகக் கூடி, முடிச்சு முடிச்சாகத் திரண்டு, அங்கேயே முகாம் போட்டுவிடும். பெரும்பாலும் சுவாசப்பையில் போடும். எனக்கு அங்கேயும் போட்டு, குரல்வளையின் மூடியிலும் போட்டிருக்கிறது. மூடி தடித்து வெளிறிப்போய், மூச்சு வழியில் பாதியை அடைத்திருக்கிறது. ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. தொற்றாது. முற்றாகப் போகவும் மாட்டாது, அடக்கி வைத்திருக்கலாம். எங்கள் ஊர்க்காரனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"குரல்வளையிலை வாறது வலு குறைவு ஐயா. நானே இப்பதான் முதன்முதலாய்ப் பாக்கிறன்" என்றார். அவர் முகத்தில் ஒரு சந்தோசம் இருந்தது. மூன்று மாணவரைக் கூப்பிட்டுக் காட்டினார், பிறகு ஐந்து பேரை. என் நாக்கை எட்டுப் பேர் பிடித்து இழுத்தார்கள்.

மருந்து பிரெட்னிசொலோன் என்ற வெள்ளைக் குளிசை. காவல் அணுக்களின் கோபத்தைத் தணிப்பது. ஒருநாளைக்கு எட்டுக் குளிசையில் தொடங்கி, மாதத்துக்கு மாதம் குறைத்து, ஒரு வருடத்துக்குமேல் எடுக்கவேண்டும். ஒரேயடியாக நிறுத்தவோ சொல்லாமல் குறைக்கவோ கூடாது என்று ஜெசிந்தாவிடம் மூன்று தரம் சொன்னார். ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமைக்குத் தருவார்கள், இருந்தால். இல்லாவிட்டால் கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்பிலிருந்து வருகிறவர்களிடம் வாங்கவேண்டும், ஒரு குளிசை நாலரை ரூபாய்.

குளிசைகளை ஒரு பிஸ்கற் ரின்னில் வைத்தோம். எனக்கு முழுக்குளிசை இறங்காது. திரேசம்மா காலையில் அன்றைக்குரிய குளிசைகளை என் கண்முன்னால் எண்ணி எடுத்துக் குசினிக்குக் கொண்டுபோய், சிறிய உரலில் பொடியாக்கி, பனங்கட்டியும் கதலிப்பழமும் சேர்த்துப் பிசைந்து கரண்டியில் கொண்டுவந்து ஊட்டுவாள். பின்னேரம் நான் ரின்னைக் கொட்டி மிச்சத்தை எண்ணுவேன். ஒருநாளும் ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

மருந்து வேலை செய்தது. இரவில் தலையணை மூன்று அடுக்கி இருந்தபடி தூங்கினவன், இரண்டாம் மாதத்தில் படுத்துத் தூங்கினேன். ஆனால் பசி வந்தது, அப்படி ஒரு பசி. அரிசியும் மாவும் நிவாரண அட்டைக்கு அளந்து தரும் காலத்தில் எனக்கு இரண்டு ஆள் சாப்பாடு தேவைப்பட்டது. திரேசம்மாவும் ஜெசிந்தாவும் தங்களுக்கு வயிறு சரியில்லை என்று மாறி மாறிச் சொன்னார்கள். அது பொய் என்று தெரிந்தும் சாப்பிட்டேன். முகம் வீங்கிப் பூசணிக்காய் போலாகியது. இது மருந்தின் குணம், கொழுப்பு அல்ல. ஊர் முழுக்க மெலிந்து கிடந்த நேரத்தில் இந்த முகத்தோடு நிவாரண வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

"ஏலக்காரர் எங்கையோ ஒரு களஞ்சியத்தைப் புதைச்சு வைச்சிருக்கிறார். எங்களுக்கும் மூடியைத் திறந்து காட்டுங்கோவன்" என்றாள் றெஜினா. வரிசை சிரித்தது. சிரித்த சிரிப்பில் அவளுக்கு முட்டு இழுத்துக் குந்திவிட்டாள். அவளுக்குச் சிறுவயதிலிருந்தே அந்த வருத்தம், தொய்வு, ஆஸ்துமா என்பது. பஞ்சுத் தூசியும் வலைத் தூசியும் பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். நான் இரங்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

1992 உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள், ஏப்ரல் இருபது, திங்கட்கிழமை, நான் பெட்டியில் ஏறினேன். பழைய குரல் இல்லை, ஒரு கரகரத்த குரல். ஆனால் கடைசி வியாபாரிக்குக் கேட்டது. கேட்டதா என்று அவரைக் கேட்டு உறுதிப்படுத்தினேன். "கறிமீன் நீங்கலாக" என்று சொல்லி முடித்தபோது அன்ரன் என் காலைத் தொட்டுவிட்டு விலகி நின்றான். நான்கு குவியல் கூறினேன். அன்றைக்கு எனக்கு நோய் முடிந்துவிட்டது.

ஜூன் கடைசியில் குரல் மறுபடி இறங்கத் தொடங்கியது. டொக்டர் நாலு குளிசையாகக் குறைத்திருந்தார். ஓகஸ்டில் கண்ணாடி விட்டுப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"ஒழுங்காய் எடுக்கிறியளோ ஐயா?"

எடுக்காமல் இருப்பேனா? ரின்னின் கணக்கை நாள்வாரியாகச் சொன்னேன். அவருக்கு வேறு வழி இல்லை, ஐந்தாக்கினார். மழை தொடங்கிய ஒக்ரோபரில் ஆறாக்கினார். குரல் ஏறவில்லை. சங்கம் பேசாமல் அன்ரனை மறுபடி பெட்டியில் ஏற்றியது. இந்த முறை தீர்மானம்கூட எழுதவில்லை. மூச்சு உள்ளே போகும்போது ஒரு சத்தம் வந்தது, துருப்பிடித்த கப்பியில் கயிறு இழுப்பது போல. அடுத்த அறையில் ஜெசிந்தா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விழித்திருப்பாள். சத்தம் நின்றால் எழும்பி வந்து பார்ப்பாள்.

நவம்பர் பதினேழாம் திகதி, செவ்வாய்க்கிழமை விடிய, அடைமழையில் காற்று உள்ளே போக மறுத்தது. ஒரு பழைய கார் பிடித்தார்கள். வல்லை வெளியில் வீதிக்கு மேலால் தண்ணீர். திரேசம்மா என்னைத் தன் மேல் சாய்த்துப் பிடித்துச் செபமாலை சொன்னாள். எனக்கு அந்தச் செபத்தின் வேகம் போதவில்லை என்றிருந்தது. பெரியாஸ்பத்திரியில் மேசையில் படுக்கவைத்து, கழுத்தில் விறைப்பு ஊசி மட்டும் போட்டு, முழித்திருக்கவே குரல்வளைக்குக் கீழே துளை வெட்டி வெள்ளிக் குழாய் ஒன்றை வைத்தார்கள். கத்தி பட்டதும் காற்று அந்த வழியால் உள்ளே பாய்ந்தது. அந்தச் சுகத்தைச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கணத்திலிருந்து காற்று தொண்டைக்குப் போகாமல் கழுத்தால் வந்து கழுத்தால் போகும். தொண்டைக்குக் காற்று போகாவிட்டால் குரல் இல்லை. கரகரப்பும் இல்லை, கிசுகிசுப்பும் இல்லை.

வாட்டில் மின்சாரம் இல்லை. குழாயில் சேரும் சளியை இழுக்கும் யந்திரத்தைக் காலால் மிதிக்கவேண்டும், ஒருவர் மிதிக்க ஒருவர் இழுப்பார். ஜெசிந்தா மிதிக்கப் பழகினாள். உள்குழாயைக் கழற்றி அவித்துக் கழுவிப் போடத் தாதி ஒருவர் பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார். என் கையில் ஒரு பென்சிலும் பள்ளிக்கூடத் தாள்களும் தந்தார்கள்.

மூன்றாம் நாள் பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் றெஜினா வந்தாள். அவளை நான் எதிர்பார்க்கவில்லை. சைக்கிளிலும் பஸ்ஸிலும் மாறி மாறி வந்திருக்கிறாள். கையில் ஒரு சிறிய சட்டியில் மீன் சொதி. என் கழுத்தைப் பார்த்ததும் அவளுடைய வாய் முதல்தரமாக அடங்கியது. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்:

"அண்ணை, நான் உங்களை எவ்வளவு பகிடி பண்ணியிருப்பன். அதுகளை மனசிலை வையாமல் உங்கடை குளிசையிலை எனக்கும் தந்தியள். ஆஸ்பத்திரியிலை எனக்கு அஞ்சு நாளைக்குத்தான் தந்தவை, பிறகு இல்லையெண்டிட்டினம். நீங்கள் தராட்டி நான் வைகாசியிலேயே போயிருப்பன். வாய் திறந்து ஒருநாளும் சொல்லேல்லை. இண்டைக்குச் சொல்லோணும் எண்டு வந்தனான்."

நான் திரேசம்மாவைப் பார்த்தேன். அவள் சொதிச் சட்டியின் மூடியைப் பார்த்தாள். றெஜினா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, அண்ணைக்கு நீ சொல்லேல்லையே?"

றெஜினா சட்டியை அலுமாரியின் மேல் வைத்துவிட்டு, சீலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அவள் போன வேகத்துக்கு நெஞ்சு இழுக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

பென்சிலை எடுத்து ஒரு சொல் எழுதித் திரேசம்மாவுக்கு முன்னால் பிடித்தேன்: எத்தனை?

அவள் மறைக்கவில்லை. மறைக்கவேண்டியது என்று அவள் நினைத்ததாகவே தெரியவில்லை.

"மே பத்தாம் திகதி, ஞாயிறு. பூசை முடிஞ்சு வரேக்கை வேலியடியிலை நீலம் பாரிச்சுக் கிடந்தவள். அவளின்ரை ஆஸ்பத்திரித் துண்டிலையும் இதே குளிசையின்ரை பேர்தான் இருந்தது. அண்டைக்கு ஒண்டு குடுத்தன். பிறகு ஒவ்வொரு நாளும் ஒண்டு. ஒக்ரோபர் நடுவிலை மழைக்கு அவளுக்கு முட்டுக் கூடிப்போச்சு, பதினைஞ்சாம் திகதியிலிருந்து இரண்டு."

நான் ரின்னை எண்ணினேன். உரலை எண்ணவில்லை. அவள் என் கண்முன்னால் நாலு எடுத்தாள், மூன்றைப் பொடியாக்கினாள். ஆறு எடுத்தாள், நாலைப் பொடியாக்கினாள். பழத்துக்குள் பிசைந்த பொடியில் எத்தனை குளிசை என்று எந்த எழுதுவினைஞனால் சொல்லமுடியும்?

தாளில் இன்னொரு சொல் எழுதினேன். அதை இங்கே எழுத விரும்பவில்லை. களவு என்று பொருள்படும் சொல்.

அதற்குத்தான் அவள் நிமிர்ந்தாள்.

"களவே? கூறினாப் பிறகு எடுத்தால்தான் களவு. நான் கூறமுதல் எடுத்தனான். வருத்தக்காரிக்குக் கறிமீன் எடுத்து வைக்காமல் நீங்கள் ஒருநாளாவது கூறியிருக்கிறியளோ? இவ்வளவு குளிசை இருக்கிற வீடு, ஒண்டு குடுத்தால் என்ன குறைஞ்சு போகுமெண்டு நினைச்சன். மீன் குறைஞ்சால் ஆளுக்கு மூச்சு நிக்கிறேல்லையே." பிறகு குரல் தாழ்ந்தது. "இது மீனில்லை எண்டு எனக்குத் தெரியேல்லையப்பா."

நூற்றைம்பத்தெட்டு நாளுக்கு ஒவ்வொன்று, முப்பத்துமூன்று நாளுக்கு இரண்டிரண்டு. இருநூற்றிருபத்துநாலு குளிசை. படுக்கையில் கிடந்து வாய்க்கணக்காகக் கூட்டினேன், வாய் இல்லாமல்.

அடுத்த நாள் டொக்டருக்கு இலக்கத்தை எழுதிக் காட்டி, இதனால்தானா என்று கேட்டேன். அவர் கட்டில் விளிம்பில் இருந்து யோசித்தார். இருக்கலாம் என்றார். முழு மருந்தும் எடுத்தவர்களுக்கும் இந்த நோய் சிலவேளை தானாக மறுபடி கிளம்பும் என்றார். எது என்று நிச்சயமாகச் சொல்லுங்கள் என்று எழுதினேன்.

"சொல்லேலாது ஐயா. சொன்னால் பொய்."

இல்லாவிட்டாலும் இருக்கலாம் என்று சொன்ன முதல் வைத்தியரைவிட இவர் நேர்மையானவர். ஆனால் எனக்குக் கிடைத்த விடை ஒன்றேதான். கண்ட எல்லாவற்றையும் எண்ணி வைத்த நான் அறியவேண்டிய ஒரே ஒரு கணக்குக்கு விடை இல்லை என்று இரண்டு படித்த மனிதர்கள் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து திரேசம்மாவோடு நாற்பது நாள் கதைக்காமல் இருந்தேன். கதைக்க முடியாத மனிதன் கோபத்தில் கதைக்காமல் இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. அவள் காலையில் விறகு மூட்டி உள்குழாயை அவித்தாள். துளையைச் சுற்றித் துடைத்தாள். தூசி போகாமல் தன் பழைய சீலையில் கிழித்த துணியை நனைத்துக் கழுத்தில் கட்டினாள். நாற்பத்தோராம் நாள், குழாய் வாயை விரலால் பொத்தினால் கொஞ்சக் காற்று மேலே போய் ஒரு சத்தம் வருகிறது என்று கண்டுபிடித்தேன். நான் சொன்ன முதல் வசனம், "தண்ணி கூடச் சுடுது". அவள் அழுதாள். அதற்கு அழுவதற்கு என்ன இருக்கிறது?

குழாயைக் கழற்றலாம் என்று ஒரு வருடம் சொன்னார்கள். வீக்கம் வற்றியது. ஆனால் வற்றிய இடத்தில் தழும்பு இறுகி வழி ஒடுங்கிவிட்டது. ஆகவே குழாய் நிரந்தரம். பொத்திக் கதைக்கிற குரல் இரண்டு பாகத் தூரத்துக்குக் கேட்கும், கடற்கரைக்குக் காணாது. இந்த நோய்க்காரருக்குச் சொல்லிவைக்கிறேன்: மருந்து தொடங்கியபிறகு அதுவும் ஒரு நோய் மாதிரித்தான். எனக்கு இப்போது சீனி வருத்தம் இருக்கிறது. எலும்பு நொய்ந்து, போன வருடம் இருமியபோது ஒரு விலா வெடித்தது. பிரெட்னிசொலோனைக் குறைப்பதற்காக மலேரியாக் குளிசை சேர்த்திருக்கிறார்கள், அது கண்ணைக் கெடுக்கலாம் என்று வருடத்துக்கு ஒருதரம் கண் பார்க்கிறார்கள். வெள்ளைக் குளிசை இப்போது இரண்டு. அதைத் திரேசம்மா முழுசாக என் உள்ளங்கையில் வைக்கிறாள். நான் பார்த்துவிட்டு விழுங்குகிறேன். அவள் நான் பார்ப்பதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்புகிறாள்.

இது 1995 மார்ச் மாதம். சண்டை நின்றிருக்கிறது, எத்தனை நாளைக்கோ தெரியாது. மருந்துகள் வருகின்றன. றெஜினாவுக்குத் தொய்வுக்கென்றே தனிக் குளிசை கிடைக்கிறது. வேலிக்கு அப்பால் வலை பொத்திக்கொண்டு யாரையாவது பகிடி பண்ணிச் சிரிக்கிறாள். சிரித்து முடிக்கும்வரை அவளுக்கு மூச்சு முட்டுவதில்லை. கரையில் அன்ரன் கூறுகிறான். "கறிமீன் நீங்கலாக" என்பதை என் இழுவையிலேயே இழுக்கிறான். கொஞ்சம் அவசரப்படுகிறான்.

போன கிழமை, நாலு வருடச் செலவையும் கூட்டிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். படங்கள், அறுபது ஊசி, பஸ், கார், குளிசை, திரேசம்மா விற்ற இரண்டு காப்பு, கூறாமல் விட்ட கூலி. கடைசியில் இருநூற்றிருபத்துநாலு குளிசை, நாலரை ரூபாய்ப்படி ஆயிரத்தெட்டு ரூபாய் என்று எழுதிவிட்டு நின்றேன். என் செலவில் எழுதினால் அவள் களவெடுத்தாள் என்றாகும். தர்மத்தில் எழுதினால் நான் கொடுத்தேன் என்றாகும். இரண்டும் உண்மை இல்லை. திரேசம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று குழாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன். அவள் சுளகை நிறுத்தவில்லை.

"கறிமீனை ஆர் எழுதுறவை?"

அந்த வரியை வெட்டினேன். மொத்தம் நாற்பத்தோராயிரத்து முந்நூற்று எண்பத்தாறு ரூபாய் ஐம்பது சதம். கறிமீன் நீங்கலாக.